சாம்பலைக் காப்பாற்றியது யாருக்காக?

"எங்கள் தோலைப் பற்றி எனக்கே விளக்குகிறீர்களா?" கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார் அந்தப் பாடநூல் ஆசிரியர். கோபப்பட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேனோ என்னவோ.

அச்சுக்குப் போகும் படங்களின் நிறத்தைச் சரிபார்ப்பது என் வேலை. பள்ளிப் பாடப்புத்தகம் ஒன்றுக்கான படம் அது. அமெரிக்கக் கறுப்பின ஓவியர் எமி ஷெரால்ட் 2014இல் வரைந்த 'மிஸ் எவரிதிங்'. புள்ளி போட்ட உடை, வெள்ளைக் கையுறை, கையில் பெரிய தேநீர்க் கோப்பை, நம்மை நேருக்கு நேர் பார்க்கும் ஒரு கறுப்பினப் பெண். 2016இல் அமெரிக்காவின் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் நடத்திய போட்டியில் முதல் பரிசு வாங்கிய ஓவியம், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்ணும் ஷெரால்ட்தான். உடையில், பின்னணியில் எல்லாம் நிறம் இருக்கும், தோல் மட்டும் சாம்பல். அவர் வரையும் கறுப்பின மனிதர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். 2018இல் அவர் வரைந்த மிஷெல் ஒபாமாவின் படம் வெளியானபோது பலருக்கு அது பிடிக்காமல் போனதற்கும் அந்தச் சாம்பல் ஒரு காரணம்.

ப்ரூஃபை, அதாவது அச்சடிக்கும் முன் எடுக்கும் மாதிரியைப் பார்த்த பாடநூல் ஆசிரியர், அவரும் கறுப்பினப் பெண், "முகத்தில் உயிரே இல்லை, கொஞ்சம் பழுப்பு ஏற்றுங்கள்" என்றார். அச்சில் சாம்பலை நிறுத்துவதுதான் கஷ்டம். சயான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மையும் சேர்ந்து வரும் சாம்பலில் சயான் கொஞ்சம் குறைந்தால்கூடச் சிவப்படித்துவிடும், கையுறை முடிந்து தோல் தொடங்கும் இடத்தில் உடனே தெரியும். அதுவும் ஷெரால்டின் சாம்பல் வெறும் கறுப்பு வெள்ளை இல்லை, கறுப்போடு நேப்பிள்ஸ் மஞ்சள் கலந்தது. அதைக் கொண்டுவரப் பாடுபட்ட பிறகு, மெஜந்தாவையும் மஞ்சளையும் கூட்டி அழிக்கச் சொன்னால் எப்படி? முடியாது என்றேன். மூலத்தை மாற்றுவது எங்கள் வேலை இல்லை, ஓவியரின் அனுமதியும் வேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பார்த்தவுடன் நிறத்தை வைத்து ஆளை முடிவுகட்டக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சாம்பல் என்று விளக்கமும் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. அப்புறம் அவரே, "வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தங்கள் நிறத்தைத்தான் முதலில் தேடுவார்கள். சரி, அப்படியே போடுங்கள்" என்றார்.

என் விளக்கம் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. கோடாக் ஃபிலிம் காலத்தில் வண்ணப் படத்தின் தோல் நிறத்தைச் சரிபார்க்க 'ஷெர்லி கார்டு' என்று ஒன்று வைத்திருந்தார்கள், பல வருடங்கள் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்தான். கறுத்த முகங்கள் படத்தில் இருண்டு போனதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட தொழிலில் இருந்துகொண்டு, பழுப்பு கேட்ட ஒரு கறுப்பினப் பெண்ணிடம் முடியாது என்றவன் நான்.

ஆனால் சாம்பல் வேண்டும் என்று முடிவெடுத்தவரும் கறுப்பினப் பெண்தானே. தன் இனத்துப் பெண்ணை எப்படிக் காட்டுவது என்பதில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடக்க வேண்டிய பேச்சு அது. ஒருவர் அங்கே இல்லாததால் அவர் இடத்தில் நான் பேசினேன். நாளைக்கே அந்தக் கோப்பு திரும்பி வந்தாலும் பழுப்பு ஏற்ற மாட்டேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஷெரால்டுக்காகப் பேசினேனா, அந்த அம்மாவை மேலே பேசவிடாமல் செய்ய அவர் பெயரை எடுத்தேனா என்பதில்தான் சந்தேகம் இருக்கிறது.