வார்டு இரவுகளும் விங்ஸும்

ஜூன் 3
அக்காவின் பரிசோதனை முடிவு நாளைதானாம். வராந்தா பெஞ்சில் படுத்தபடி, பீட்டில்ஸ் பிரிந்தபின் பால் மக்கார்ட்னி தொடங்கிய விங்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்டேன். 1971 டிசம்பரில் வந்தது. அவசர அவசரமாகப் பதிவு செய்து முடித்தார்களாம். கேட்டாலே தெரிகிறது. பாதிப் பாடல்கள் வேகாத சோறு.

ஜூன் 4
முடிவு வரவில்லை.

ஜூன் 6
அத்தானோடு வாக்குவாதம். 1972 பிப்ரவரியில் பால் மக்கார்ட்னி மனைவி, பிள்ளைகள், நாய்கள் சகிதம் வேனில் கிளம்பி, சொல்லாமல் கொள்ளாமல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் போய் இறங்கி, இங்கே வாசிக்கலாமா என்று கேட்டார். டிக்கெட் ஒரு பவுண்டுகூட இல்லை. வசூலான சில்லறையைக் குழுவினர் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுகூடப் பாடவில்லை. “வசதி இருக்கிறவன் ஏழை வேஷம் கட்டினால் அதற்குப் பெயர் விளையாட்டு” என்கிறார் அத்தான். அப்போது பீட்டில்ஸ் பணம் நீதிமன்றம் நியமித்த ரிசீவர் (நிர்வாகப் பொறுப்பாளர்) கையில் இருந்தது; பீட்டில்ஸின் மற்ற மூவர் மேல் வழக்குப் போட்டவரே பால்தான். இதைச் சொல்வதற்குள் நர்ஸ் வந்து இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்.

ஜூன் 7
அக்கா இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஜூன் 9
இன்று எல்லோர் மேலும் எரிச்சல். குறிப்பாக பாலின் மனைவி லிண்டாவைக் கேலி செய்கிறவர்கள் மேல். புகைப்படக்காரர். கணவர் சொல்லிக் கொடுத்துத்தான் கீபோர்டையே தொட்டார். தொடக்க காலக் கச்சேரி ஒன்றில் பால் தாளம் எண்ணி முடித்தும் கீபோர்டிலிருந்து சத்தமே இல்லை. அருகில் போய்க் கேட்டால், கார்டு (சேர்த்து வாசிக்கும் சுரங்கள்) மறந்துவிட்டது என்கிறார். கூட்டம் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்ததாம். மறுநாளும் அதே மேடைக்கு ஏற என்ன நெஞ்சுரம் வேண்டும்! குழுவின் கிதார் கலைஞர் டென்னி லெய்ன், பால், லிண்டா மூவரும் சேர்ந்து பாடும் இடங்களில் லிண்டாவின் அந்தக் கரடுமுரடான மூன்றாவது குரலை எடுத்துவிட்டால் விங்ஸே இல்லை.

ஜூன் 10
தம்பி நாளை வர மாட்டானாம். இரவு பத்து மணிக்குச் சொல்கிறான்.

1973இல் ஆல்பம் பதிவு செய்ய விங்ஸ் நைஜீரியாவின் லாகோஸுக்குப் புறப்படும் சமயத்தில்தான் டிரம்மர் விலகினார். இன்னொரு கிதார் கலைஞர் அதற்குச் சற்று முன்பே போய்விட்டார். மிஞ்சியவர்கள் மூவர். அங்கே கத்தியைக் காட்டி டெமோ டேப்புகளைப் பறித்துக்கொண்டார்கள். பால் நினைவிலிருந்தே பாடல்களை மீட்டார், டிரம்ஸையும் தானே வாசித்தார். யாராவது முந்தின வாரமே சொல்லித் தொலைத்தால் என்ன?

ஜூன் 12
மருந்தை மாற்றியிருக்கிறார்கள். ஏன் என்று சொல்லவில்லை.

பால், லிண்டாவின் மகள் ஸ்டெல்லா பிறந்தபோது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. வெளியே பிரார்த்தித்துக்கொண்டு நின்ற பால் மனதில் சிறகுகள் தோன்ற, குழுவுக்கு விங்ஸ் என்ற அந்தப் பெயர் வந்தது. இதை இங்கே எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்.

ஜூன் 13
அத்தான் இயர்ஃபோனை வாங்கி லாகோஸ் ஆல்பத்தைக் கேட்டார். டிரம்ஸ் யார் என்றார். சொன்னேன். நம்பவில்லை. பதினொரு மணிக்கு ஸ்கேன். பழைய ரிப்போர்ட் ஃபைலில் இல்லை, வீட்டுக்குப் போய்த் தேட வேண்டும்.