ஜாமீன் 3,000 ரிங்கிட் என்றால்...

வறுமைதான் குற்றத்துக்குக் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மலேசியாவில் பிபிஆர் எனப்படும் அரசின் மலிவு வாடகை அடுக்குமாடிகளில் குற்றமே செய்யாத ஆயிரமாயிரம் பேருக்கு அந்த வரி அநியாயம். கவனிக்க வேண்டியது, பிடிபட்ட நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் நடுவே பணமில்லாமை செய்யும் வேலையை.

கோலாலம்பூரின் பந்தாய் டாலாமில் 19 வயதுப் பையன் ஒருவன் கைப்பேசித் திருட்டில் சிக்கினான் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்குள் மஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். தண்டனைச் சட்டம் 379-ஆவது பிரிவு என்றால் தண்டனை 7 ஆண்டு வரை. விசாரணைக்கான தடுப்புக் காவல் (ரிமாண்ட்) முதலில் அதிகபட்சம் 4 நாள், அடுத்து 3 நாள். அதே கைப்பேசியை ஆளைத் தள்ளிவிட்டுப் பறித்திருந்தால் 392-ஆவது பிரிவு, அதாவது 14 ஆண்டு வரை. காவலும் முதலில் 7 நாள், அடுத்து 7 நாள் வரை ஆகிவிடும். நாள்கூலிக்காரன் ஒரு வாரம் வராவிட்டாலே முதலாளி வேறு ஆளைப் பிடித்துவிடுவார்.

பலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போகும் குடும்பம் அழுதுகொண்டு நிற்காமல் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எந்தப் பிரிவு, விசாரணை அதிகாரி யார், எத்தனை மணிக்கு எந்த நீதிமன்றம். இது தெரிந்தால்தான் 2011-இல் தொடங்கிய தேசிய சட்ட உதவி அறக்கட்டளையின் வழக்கறிஞர் நேரத்துக்கு வந்து நிற்க முடியும். அவர் பேசினால் போலீஸ் 4 நாள் காவல் கேட்ட இடத்தில் 2 நாள் கிடைக்கலாம். யாரும் பேசாவிட்டால் கேட்டதே கிடைப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது ஜாமீன். 3,000 ரிங்கிட் என்றால் 124 ரிங்கிட் வாடகை பிபிஆர் வீட்டில் ஏறக்குறைய 24 மாத வாடகை. வழக்கு முடிந்ததும் பணம் திரும்பி வரும், உண்மைதான். ஆனால் ஆ லோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், வாங்கியிருந்தால் வட்டி வாரக்கணக்கில் ஓடும். கட்ட முடியாதவனை சுங்கை பூலோ சிறைக்கு அனுப்புவார்கள். கும்பல் ஆட்களோடு அவனுக்கு முதல் பழக்கம் பெரும்பாலும் அங்கேதான். வெளியே வரும்போது வேலை கொடுக்கத் தயாராக இருப்பவர்களும் அவர்களே.

உள்ளே கிடப்பதைவிட குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று நீதிமன்ற வாசலில் யாராவது சொல்வார்கள். மிக மோசமான ஆலோசனை இது. குற்றப்பதிவு விழுந்தால் ஜாகா (பாதுகாவலர்) வேலைக்கான போலீஸ் சோதனையில் அடிபடும், இ-ஹெய்லிங் (செயலி வழி வாடகைக் கார்) ஓட்டும் உரிமத்திலும் சிக்கல். திருட்டில் கிடைத்த கைப்பேசியைவிட அந்தப் பதிவுக்கு விலை அதிகம்.

ஒப்புக்கொள்வதற்கு முன் வழக்கறிஞரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம். ஜாமீன் தொகை அதிகம் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 389-இன்படி உயர் நீதிமன்றத்தில் குறைக்கக் கோரலாம். முதல் குற்றம், வயதும் 21-க்குக் கீழ் என்றால், சிறைக்குப் பதில் நன்னடத்தைப் பிணை கேட்க 293, 294 பிரிவுகள் இருக்கின்றன. வெறும் வாய்ச்சொல் போதாது: சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, வேலை திருப்பித் தருவதாக முதலாளி எழுதிய கடிதம், மூன்றையும் கையில் கொண்டு போக வேண்டும். கடிதத்தை மலாயில் எழுதி வாங்குங்கள்.