புளோரா என்ன பதில் எழுதினாள்? — நாவல் நாட்குறிப்பு

ஜூன் 3

நாஸ்டிக் பெண்களைப் பற்றி நாவல் எழுதப்போகிறேன் என்றதும் பெரியம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிட்டாள். "ஏட்டி, நாத்திகமா எழுதப்போற?" காதில் அப்படித்தானே விழும். நாத்திகம் இல்லை பெரியம்மா, அவர்களும் இயேசுவை நம்பியவர்கள்தான், ஆனால் உலகத்தைப் படைத்தவர் உச்சிக் கடவுள் இல்லை, அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவரை அறிவதுதான் விடுதலை என்றார்கள், அந்த அறிதலுக்குக் கிரேக்கத்தில் க்னோசிஸ் என்று பேர், அதற்கும் நம் ஞானத்துக்கும் வேர் ஒன்றுதான் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். "அப்ப ஞானம்னு சொல்லிட்டுப் போயேன்" என்று மறுபடி அரிவாள்மணையை இழுத்துக்கொண்டாள். சரி, இனி ஞானவாதிகள்.

ஜூன் 5

இதைப் பற்றி எழுதுகிற பலரும் 1945-இல் எகிப்தில் நாக் ஹம்மாதி பக்கம் மண்ணுக்குள் கிடைத்த, ஞானவாதிகளின் நூல்கள் இருந்த ஜாடியிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு ஜாடி வேண்டாம், ஒரு கடிதம் போதும். 2-ஆம் நூற்றாண்டில், வாலண்டினஸ் என்ற ஞானவாத ஆசிரியரின் வழியில் வந்த தாலமி, புளோரா என்ற பெண்ணுக்கு எழுதியது. முசிறியைக் குறித்துவைத்த புவியியல் தாலமி வேறு ஆள், இருவரும் ஒரே நூற்றாண்டு என்பதால் சொல்கிறேன்.

பைபிளின் பழைய ஏற்பாட்டில் உள்ள மோசேயின் சட்டம் முழுதும் ஒருவர் கொடுத்ததில்லை என்கிறார். கடவுள் தந்தது ஒரு பங்கு, மோசே தானாகச் சேர்த்தது ஒரு பங்கு, மூப்பர்கள் நுழைத்தது ஒரு பங்கு. மோசே சேர்த்ததற்கு அவர் காட்டுகிற உதாரணம் விவாகரத்து. மக்களின் இருதயகடினத்தைப் பார்த்துத்தான் மோசே தள்ளுதற்சீட்டை அனுமதித்தார் என்கிறார். பைபிளில் ஆயிரம் விஷயம் இருக்க, ஒரு பெண்ணுக்கு எழுதும்போது இது ஏன் முதலில் கைக்கு வந்தது?

கடிதம் பிழைத்த கதை இன்னும் வேடிக்கை. 4-ஆம் நூற்றாண்டில் சைப்ரஸ் தீவின் ஆயர் எபிபானியஸ் 80 பிரிவுகளைத் திட்டி ஒரு புத்தகம் எழுதினார். பெயர் 'மருந்துப்பெட்டி', பாம்புக்கடிக்கு மருந்து மாதிரி கள்ளப்போதனைக்கு மருந்தாம். விஷம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகக் கடிதத்தை அப்படியே நகலெடுத்து வைத்தார், அதனால் நமக்குக் கிடைத்தது. புளோரா பதில் எழுதியிருந்தால் அதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை, அந்தப் பதிலைக் கற்பனை செய்வதுதான் என் நாவல்.

ஜூன் 9

ராத்திரி 1 மணிவரை ஜஸ்டின். ரோமில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர், கி.பி. 150-களில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறார். ஒரு பெண் புதிய போதனையைக் கேட்டுத் திருந்துகிறாள், கணவனையும் திருத்தப் பார்க்கிறாள், முடியவில்லை. கொஞ்சம் பொறு என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், பொறுக்கிறாள். அவன் அலெக்சாந்திரியா போய் இன்னும் கெட்டுப்போனான் என்று சேதி வருகிறது. அப்போதுதான் தள்ளுதற்சீட்டை அவள் கொடுக்கிறாள், ரோமச் சட்டத்தில் பெண்ணும் கொடுக்கலாம். அவன் இவள் கிறிஸ்தவள் என்று புகார் கொடுக்க, சொத்து விவகாரங்களை ஒழுங்குபடுத்த அவகாசம் வேண்டும் என்று இவள் பேரரசருக்கே மனுப் போட்டு வாங்கிவிடுகிறாள். கெட்டிக்காரி! கோபத்தில் அவன் இவளுடைய ஆசிரியரைப் பிடிக்கிறான். நகரத் தலைவர் உர்பிகஸ் கேட்டது ஒரே கேள்வி, நீ கிறிஸ்தவனா? ஆமாம் என்றார், கொன்றுவிட்டார்கள்.

அந்த ஆசிரியரின் பெயரும் தாலமி.

இருவரும் ஒருவரே, அந்தப் பெண்தான் புளோரா என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வாலண்டினஸ் கூட்டத்தைக் கண்டாலே ஆகாத ஜஸ்டின் இவரை மட்டும் எப்படிப் புகழ்வார் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் நான் வரலாறா எழுதுகிறேன்? நாவலில் ஒருவரே.

ஜூன் 10

சமையலறைக் காட்சி ஒரு பக்கம். புளோரா வீட்டு அம்மியில் நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிய மிளகு. ரோமில் மிளகுக்கென்றே கிடங்கு இருந்தது, அதனால் ஊர்ப்பெருமைக்காகத் திணித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. கொஞ்சம் திணித்தேன்தான்.

ஜூன் 14

கடிதம் வந்து சேரும் அத்தியாயத்தைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 23 வயதில் தள்ளுதற்சீட்டு வாங்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்தவள், இந்தக் கதையில் அவளுக்கு ஒரு பேச்சு உண்டு. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவு நீளமா எழுதுன மனுசன், நீ எப்படிம்மா இருக்கன்னு ஒரு வார்த்தை கேட்டானா?" என்றாள்.

மறுபடி எடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. முடிவில், நீ தகுதியானவளாக ஆனால் மீதியைப் பிறகு சொல்லித்தருகிறேன் என்று இருக்கிறது. பத்து தடவை படித்திருப்பேன், எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூன் 17

எழுதியதில் 40 பக்கத்தை வெட்டினேன். என் புளோரா மேடையில் பேசுகிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தாள், பெண் விடுதலை, சபையின் ஆணாதிக்கம் என்று, கையில் மைக் மட்டும்தான் இல்லை. இவள், பைபிளில் சேராத 'மரியாளின் நற்செய்தி' என்ற நூலைப் படித்ததாகவும் ஒரு காட்சி வைத்திருந்தேன். அதில் சீடர் பேதுரு மகதலேனா மரியாளிடம் எரிந்துவிழும் இடம் அழகானதுதான், ஆனால் இங்கே இடைச்செருகலாக நின்றது. போகட்டும்.

ஜூன் 21

பதில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வாலண்டினஸ் வழியினர் மனிதர்களை மூன்றாகப் பிரித்தார்கள், விடுதலை உறுதியான ஆவிக்குரியவர், நடுவில் நிற்கிற ஜென்மசுபாவத்தார், விடுதலையே இல்லாத மண்ணானவர். புளோரா மெழுகுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விளக்குத் திரி கருகுகிறது. கடவுளைப் பற்றி இரண்டு வரி கீறுகிறாள், எழுத்தாணியின் தட்டை முனையால் அழுத்தித் தேய்க்கிறாள், மெழுகு சுருண்டு நகத்துக்குள் போகிறது. மூன்றாவது தடவை இப்படி எழுதுகிறாள்: "நீர் பேசும்போதெல்லாம் என் தலைவாரிவிடுகிற அடிமைப்பெண்ணும் கதவோரம் நின்று கேட்டாள். அவள் இந்த மூன்றில் எது?"

பிறகு பலகையை மூடி, நூல் சுற்றி, கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி அதே பெண்ணிடம் நீட்டுகிறாள்.

பெரியம்மா கேட்டாள், "அந்தப் புள்ளைக்குப் பேரு வச்சியாட்டி?"

வைக்கவில்லை. ரோமில் அடிமைகளுக்கும் கல்லறையில் பெயர் வெட்டியிருக்கிறார்கள், நாளைக்கு அந்தக் கல்வெட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும்.