கதிர்காமத்துத் தணலும் கரையில் நிற்பவர்களும்

இலங்கையில் இருக்கும் கதிர்காமக் கந்தன் கோயிலில் மூலவரைக் காண முடியாது. வள்ளி தெய்வானையோடு முருகன் மயில்மேல் இருக்கும் ஓவியத் திரை ஒன்று தொங்குகிறது. நாம் கும்பிடுவது அந்தத் திரையைத்தான். பூசை செய்யும் கப்புறாளைமார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். மந்திரச் சத்தம் கிடையாது. ஆடித் திருவிழா இரவுகளில் யானைமேல் வீதியுலா வருவதும் ஒரு பேழைதான். அதற்குள் யந்திரம் இருக்கிறது என்பது நம்பிக்கை, திறந்து காட்ட மாட்டார்கள். அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய தலம் இது. இப்படி முழுக்க மறைந்திருக்கும் கடவுளிடம் இத்தனை சனம் எப்படி உருகுகிறது என்று அங்கே போகும்போதெல்லாம் வியந்திருக்கிறேன்.

மாணிக்க கங்கையில் முழுகிவிட்டுக் கோயில் வீதிக்கு வந்தால் ஒரு முனையில் கந்தன் சந்நிதி, மறுமுனையில் வள்ளியம்மன் கோயில். வள்ளியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல். கந்தன் சந்நிதிக்குப் பின்னால் நடந்தால் கிரி விகாரை என்ற பௌத்தத் தலத்தின் வெண்ணிறத் தாதுகோபம் (தூபி). யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரையோரமாக நடந்து, உகந்தை தாண்டி யால காட்டுக்குள்ளால் வந்து சேர்ந்த பாதயாத்திரைக்காரர்கள் மரநிழலில் படுத்திருப்பார்கள். 'அரோகரா' என்று தமிழர் கூப்பிட, 'ஹாரோ ஹரா' என்று சிங்களவர் கூப்பிடுவார்கள். மரணமற்ற நீரைக் குடித்தவர் என்று முஸ்லிம்கள் போற்றும் ஹிழ்று நபியின் பெயரால் அந்தப் பள்ளிவாசல் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் அங்கேயும் கொடி ஏறும். றிபாய் தரீக்கா என்ற சூஃபி வழியைச் சேர்ந்த பக்கீர்கள் றபான் என்ற தோற்கருவியை அடித்து, ராத்திபு என்ற துதியை ஓதி, அந்த ஓசை உச்சத்துக்குப் போகும் நேரம் இரும்பு ஊசிகளை உடலில் குத்திக்கொள்வார்கள். அதே வீதியில் சற்றுத் தள்ளி முதுகில் செடில் (கொக்கி) குத்திய காவடிக்காரர் ஆடிக்கொண்டிருப்பார். இருவரின் கண்களையும் பாருங்கள். கலை (அருள்) வந்தவரின் கண் எந்தச் சமயத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

தீமிதிப்பு திருவிழாவின் கடைசி நாட்களில், நடுச்சாமத்துக்குப் பிறகு. அடுக்கிய மரம் எரிந்து தணலாகி, அதை நீளமாகப் பரப்புவார்கள். கிட்டே நின்றால் முகம் காயும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இது பெரும்பாலும் தமிழ் அடியார்களின் கையில் இருந்தது என்றும், பிறகே சிங்கள பௌத்த அடியார்கள் பெருமளவில் இறங்கத் தொடங்கினார்கள் என்றும் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர எழுதியிருக்கிறார். இப்போது ஈரத்துணியோடு வரிசையில் நிற்பவர்களில் யார் எவர் என்று பிரிக்கவே முடியாது.

எனக்குப் பக்கத்தில் மட்டக்களப்புப் பக்கத்து அம்மா ஒருவர் நின்றார். மகன் இறங்கப்போகிறான் என்றார். பேத்திக்கு நோய் கண்டபோது வைத்த நேர்த்தியாம். "அவன்தானே நடக்கப்போறான், நீங்களும் ஏன் அம்மா சாப்பிடாமல் நிக்கிறீங்க?" என்று கேட்டேன். "தம்பி, அவன் மட்டுமா நடக்கிறான்?" என்றார். மகன் தணலில் கால் வைத்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தார். அவன் அக்கரை ஏறியபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

கால் ஏன் சுடுவதில்லை என்பதற்கு இயற்பியலில் பதில் இருக்கிறது. மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேலே நீறு பூத்திருக்கும். ஒவ்வோர் அடியும் தணலில் படுவது நொடிக்கும் குறைவான நேரம். 1935இல் இங்கிலாந்தில் ஹாரி பிரைஸ் என்பவர் அறிஞர்கள் முன்னிலையில் குடா பக்ஸ் என்ற காஷ்மீரியரைத் தணலில் நடக்கவைத்து ஆராய்ந்தார். அந்த வகைச் சோதனைகள் கொண்டுவந்து சேர்த்த இடம் இதுதான். சரி, அப்படியென்றால் அற்புதம் இல்லையா? அற்புதத்தை நாம் காலடியில் தேடுவதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்று ஒரு சிற்றூர். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 23 இரவு, புனித யோவான் திருநாளுக்கு முந்தின இரவில், ஊர்க்காரர்கள் தணலில் நடப்பார்கள். பெரும்பாலும் தமக்கு வேண்டிய ஒருவரை முதுகில் சுமந்துகொண்டு. ஆய்வாளர்கள் அங்கே நடப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத்துடிப்பை அளக்கும் கருவி கட்டினார்கள். 2011இல் முடிவு வெளியானது. நடந்தவரின் துடிப்பு ஏறி இறங்கிய மாதிரியே, ஓரத்தில் சும்மா நின்ற உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியிருக்கிறது. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் அந்த ஒத்திசைவு இல்லை. இதை வாசித்தபோது அந்த அம்மாவின் பிடிதான் என் கையில் திரும்ப உறைத்தது. அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. அவன் மட்டும் நடக்கவில்லை.

கிரேக்கத்தில் அயியா எலெனி என்ற ஊரில் மே 21 அன்று, புனித கான்ஸ்டன்டைன், ஹெலன் படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிறிஸ்தவர்கள் தணலில் ஆடுகிறார்கள். அவர்களுடைய திருச்சபைக்கே அது பிடிக்காது. ஆனாலும் விடவில்லை. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் காசவளநாடு புதூரில் முஹர்ரத்துக்கு 'அல்லா சாமி'யைத் தூக்கிவந்து பூக்குழி இறங்குவது இந்துக்கள். மொரீஷியஸில் தைப்பூசக் காவடி எடுக்கும் தமிழர்களை ஆராய்ந்து 2019இல் வந்த கட்டுரை இன்னொன்றைச் சொல்கிறது: நோயாலும் வறுமையாலும் நொந்தவர்களே தம்மை அதிகம் வருத்திக்கொண்டார்கள், அதிகம் வருத்திக்கொண்டவர்களே பின்னர் கூடுதலாகத் தேறியதாக உணர்ந்தார்கள். நேர்த்தி வைப்பவர்கள் யார் என்று பார்த்தால் இது புரியும். வசதியாக இருப்பவர் தணல் தேடி வருவதில்லை. ஆஸ்பத்திரி வாசலிலும் தொலைந்தவரைத் தேடிய தெருக்களிலும் காத்திருந்து சலித்தவர்கள்தான் வருகிறார்கள். செய்ய எதுவுமே மிஞ்சாத இடத்தில், செய்வதற்கு ஒன்றைக் கந்தன் கொடுக்கிறான். திரைக்குப் பின்னால் இருப்பவனின் அருள் என்று நான் நம்புவது அதைத்தான். ஊசி குத்திய பக்கீருக்கும் படத்தை அணைத்த கிரேக்கருக்கும் அது வேறு பெயரில் கிடைக்கிறது, அவ்வளவே.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சிலருக்குச் சுடும். தணல் துண்டு விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டாலோ, நடுவில் தயங்கி நின்றாலோ கொப்புளம் வரத்தான் செய்யும். உடனே கூட்டத்தில் யாராவது "நோன்பில் பிழை" என்பார்கள். அந்த மகனுக்கும் குதிகாலில் கொப்புளம் கிளம்பியிருந்தது. பின்னால் நின்ற இருவர் அதே பேச்சை எடுத்தார்கள். பிள்ளைக்காக நெருப்பில் இறங்கியவனிடம் குற்றம் தேடுவதைப்போல் கொடுமை வேறில்லை. தாய் திரும்பி அவர்களைப் பார்த்தார். "நோன்புச் சோறு ஆக்கினது நான். பிழை எண்டால் என்ட பிழை. அவனை விடுங்க" என்றார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதலுதவிக் கொட்டகைவரை அவனை ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் அவனோடு தணல் கடந்து வந்த சிங்கள இளைஞன் ஒருவனும் தாங்கிக் கூட்டிப்போனார்கள்.