தறிச் சுவருக்கு அருகே ஒரு பேஸ் கிதார்

இசைக்கருவி பழுதுபார்க்க வருவதற்கு முன் கோவையில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். செம்புக் கம்பியும் காந்தமும் கைக்குப் பழகியவை. அப்படியிருந்தும் சோமனூரிலிருந்து வந்த ஒரு பேஸ் கிதாரில் தவறிவிட்டேன்.

கொண்டுவந்தவன் தேவாலயத்தில் வாசிக்கும் இளைஞன். "கம்பியைத் தொட்டால் அடங்குகிறது அண்ணா, கையை எடுத்தால் கரகரக்கிறது" என்றான். சுற்றியுள்ள மின் ஒயர்களின் இரைச்சலை நம் உடம்பு வாங்கி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தக் காயிலான பிக்கப்புக்குக் கொடுக்கும். கம்பியைத் தொட்டதும் உடம்பு, கம்பிகளைத் தாங்கும் உலோகப் பிரிட்ஜ் வழியாகக் கிதாரின் எர்த்தோடு, அதாவது ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டியின் உலோக உடலோடு சேர்ந்து, இரைச்சலுக்கு மறைப்பாகிவிடும். ஆகவே பிரிட்ஜ் ஒயர் நன்றாக இருக்கிறது, உள்ளே மறைப்பு இல்லை என்று முடிவுகட்டி, பிக்கப்பும் திருகுகளும் அமரும் குழிகள் முழுக்கச் செம்பு டேப் ஒட்டினேன். பட்டறையில் சத்தமே இல்லை. நான்காம் நாள் திரும்பி வந்தான்.

பஸ் ஏறி அவன் வீட்டுக்கே போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். அந்தச் சடசடப்பில் அவன் ஆம்பில் ஹெட்போன் மாட்டித்தான் பழகுவான். நானும் மாட்டிக்கொண்டேன். கேட்டது ஒரு சத்தம் அல்ல, இரண்டு. மேலே மெல்லிய கரகரப்பு. அடியில் கனத்த உறுமல். மெல்லிய ஜி கம்பியை மீட்டச் சொன்னேன். அதன் சுருதி 98 ஹெர்ட்ஸ். உறுமலோடு மோதி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும் அலை எழுந்தது. இரண்டு சுருதிக்கும் உள்ள வித்தியாசம் அது. அப்படியானால் உறுமலில் 100 ஹெர்ட்ஸ் இருக்கிறது; நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டிப்பு. அவன் உடம்பைத் திருப்பத் திருப்ப உறுமல் கூடியது, குறைந்தது. தறி மோட்டார்களின் காந்தப்புலம் அது. மெல்லிய செம்பு டேப் அதைத் தடுக்காது. காயில் கட்டிய எனக்கே இது உறைக்காமல் போனதுதான் இன்றும் வருத்தம்.

கரகரப்புக்குக் காரணம் என் வேலைதான். பிக்கப் குழியில் ஒட்டிய டேப்புக்கும் பாட் எனும் வால்யூம் திருகின் குழியில் ஒட்டியதற்கும் மல்டிமீட்டரில் தொடர்பே காட்டவில்லை. டேப்பின் பசை மின்சாரத்தைக் கடத்தாத வகை. எர்த் சேராத செம்பு மறைப்பாகாது. குழிகளை ஒயரால் இணைத்து, ஒட்டுவாய் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு ஈயம் வைத்ததும் அது ஓய்ந்தது.

உறுமல் மிச்சம். கிதார் ஜாஸ் பேஸ் வகை. 1960 முதல் இருக்கும் அமைப்பு. இரண்டு பிக்கப்புகளில் ஒன்றுக்குக் காயில் சுற்றிய திசையும் காந்தத்தின் திசையும் மற்றதற்கு எதிர். இரண்டு வால்யூமும் சமமாக இருந்தால் வெளிக்காந்தம் தரும் உறுமல் ஒன்றையொன்று அடித்துவிடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். அவனோ முன் பிக்கப்பை எப்போதும் அணைத்தே வைத்திருந்தான். இரண்டையும் முழுதாகத் திறந்தேன். உறுமல் ஏறக்குறைய மறைந்தது. ஆனால் அவனுக்குப் பிடித்த நாதம் பின் பிக்கப் தனியாகத் தருவது. அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிளக் சாக்கெட்டைச் சோதித்தபோதுதான் நெஞ்சு பதறியது. எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. கம்பியில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் அவன் ஆம்பின் உலோக உடலைத்தான் தொடுகிறான். அதில் மின்கசிவு வந்தால் அவன் உடம்பு வழியாகத்தான் இறங்கும். சத்தம் குறைகிறது என்று பிளக்கின் எர்த் முள்ளை உடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யவே கூடாது. அவன் அப்பா மறுநாளே எலக்ட்ரீசியனை அழைத்து, கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்தார்.

சில மாதம் கழித்து, உறுமலைத் தானே அடித்துக்கொள்ளும் இரட்டைக் காயில் பிக்கப்புகளை மாற்றிக் கொடுத்தேன். பின் பிக்கப்பை மட்டும் திறந்து, அதே ஜி கம்பியை மீட்டினான். அலை எழவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.