சேர்வராயன் மலையில அம்மாவோட கடன தீர்த்துட்டு வந்தோம்

அம்மா போய் ரெண்டு வருசம் ஆகப்போற நேரத்துல அப்பா பீரோவ ஒழிக்கும்போது, பட்டுச்சேலைக்கு அடியில ஒரு மஞ்சத்துணி முடிச்சு இருந்துச்சு. அத கையில எடுத்துட்டு வந்து எங்கிட்ட நீட்டி, "பாப்பா, இது எந்த சாமிக்குன்னு உனக்குத் தெரியுமா"ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியும். 2019ல அப்பாவுக்கு பைபாஸ் பண்ணப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒக்காந்து, எம்முன்னாடிதான் அம்மா அத முடிஞ்சாங்க. "சேர்வராயா, இவர எழுப்பி உட்டுரு, இவரயே கூட்டிட்டு வந்து இந்தக் காச உன் உண்டியல்ல போடறேன்"னு சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. அம்மா பொறந்த வீடு ஏற்காடு அடிவாரம் பக்கம், அதனால எத்தன சாமி கும்பிட்டாலும் ஆபத்துன்னா மொதல்ல வாயில வர்றது சேர்வராயன்தான். அப்பா எழுந்து வந்துட்டாரு, அப்புறம் கொரோனா, அப்புறம் அம்மாவுக்கு முட்டி வலி, அடுத்த மாசம் அடுத்த மாசம்னு தள்ளி தள்ளி கடைசியில அம்மாவே போயிட்டாங்க.

இதுல ஒண்ணு சொல்லணும், எங்கப்பா சாமி கும்பிட மாட்டாரு. சேலம் அம்மாபேட்டையில தறி நெய்யறவரு, வெண்பட்டு வேட்டி. எங்க தாத்தா 1944ல சேலத்துல நடந்த மாநாட்டுக்குப் போனவரு, நீதிக்கட்சிக்கு திராவிடர் கழகம்னு பேரு மாத்துனாங்களே, அந்த மாநாடுதான். அந்த வீட்டுப் பையன். இவங்க கல்யாணமே சுயமரியாதைக் கல்யாணம், ஐயர் கெடையாது, ஓமம் கெடையாது, மால மாத்திக்கிட்டதோட சரி. அம்மா அடுத்த வெள்ளிக்கிழமையே கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போயி தாலிய அம்மன் காலடியில வச்சி எடுத்துட்டு வந்தாங்களாம், அப்பா வெளியில செருப்புக்குக் காவலா நின்னாராம். நாப்பது வருசத்துக்கு மேல அதேதான், அம்மா உள்ள, அப்பா வெளிய, நான் எப்பவும் அம்மாவோட உள்ள.

அதனாலதான் முடிச்ச குடுத்துட்டு நீ போய் போட்டுட்டு வான்னு சொல்லுவாருன்னு நெனச்சேன். "எப்பப் போலாம்"னு கேட்டாரு. நீங்களாப்பான்னேன். "என்னையக் கூட்டிட்டு வர்றதா தான சொல்லியிருக்கா. அவ வாங்குன கடன்னா நான் கட்டமாட்டனா"ன்னு சொல்லிட்டு பீரோவ சாத்திட்டாரு.

பையனுக்கு லீவு விட்டதும் மே மாசம் ஒரு ஞாயித்துக்கெழம கெளம்பினோம், அதுதான் நான் பண்ணுன தப்பு. பக்கத்துத் தெரு பாய் வண்டி. அவரு எங்களுக்கு டிரைவர் மட்டும் இல்ல, ஆபரேசன் அன்னைக்கு ராத்திரி அம்மாவ வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டு அலைஞ்சவரு. அன்னைக்கு தொழுகையில அப்பாவுக்காக துவா கேட்டேன்னு சொன்னாரு. ஐசியூல இருந்த ஒரு நர்ஸ் பொண்ணு அம்மா கையப் புடிச்சிக்கிட்டு நான் ஜெபம் பண்றேம்மான்னு சொல்லுச்சு. அம்மா ரெண்டு பேருகிட்டயும் "சொல்லுங்க, எல்லாரும் சொல்லி வைங்க"ன்னு கெஞ்சுனாங்க, யாரு சாமி யாருதுன்னெல்லாம் அந்த நேரத்துல எங்கம்மாவுக்கு இல்லவே இல்ல.

அப்பா சொன்னதால மொதல்ல பெரியேரி தலைவெட்டி முனியப்பன்கிட்ட போனோம். அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே உள்ள போன ஒரே கோயில் அதுதான். அம்மா முனியப்பன்னு கும்பிடுவாங்க, அப்பா இது புத்தர்டின்னு சொல்லிக்கிட்டே பக்கத்துல நிப்பாரு. தாமரை மேல ஒக்காந்து கைய மடியில வச்சு தியானத்துல இருக்கறத பாரு, சுருட்ட முடிய பாரு, நீண்ட காத பாருன்னு எனக்குச் சின்ன வயசுலயே காட்டியிருக்காரு. துண்டா போயிருந்த தலைய சிமெண்ட் வச்சு ஒட்டியிருக்காங்க. 2022ல ஹைகோர்ட்டும் இது புத்தர் சிலைதான், தொல்லியல் துறை வச்சுப் பாதுகாக்கணும், பூஜை கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. அந்தப் பேப்பர அப்பா அம்மாகிட்ட படிச்சுக் காட்டுனப்ப அம்மா அசரவே இல்ல, "புத்தரா இருந்தா என்னங்க, நான் கேட்டதெல்லாம் இவருதான குடுத்தாரு"ன்னாங்க. நான் தேங்கா ஒடைக்கல, சூடம் ஏத்தல, கைய மட்டும் கூப்பிக்கிட்டு நின்னேன். அப்பா அந்த முகத்தயே ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னாரு.

அதுக்கப்புறம் மலை. இருவது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் வண்டி வரிச. பையன் பாதி வழியிலயே வாந்தி எடுத்துட்டான். ஏரிகிட்ட போயி சேரவே உச்சி வெயில் ஆயிருச்சு. ஏரியத் தாண்டி கோயிலுக்குப் போற ரோட்டுல காப்பி எஸ்டேட்டு, சில்வர் ஓக் மரத்துல மெளகுக்கொடி, அந்த எடம் வந்ததும்தான் எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு.

மேல போனா அதுக்கு மேல கொடும. வண்டி நிக்கறதுக்குள்ள நாலு பேரு கண்ணாடியத் தட்டறாங்க, தட்டு எம்பது ரூபான்னு சொல்லி கையில திணிச்சுட்டு தரிசனம் முடிச்சு வந்தா நூத்தம்பதுங்கறாங்க, கேட்டா உள்ள இருந்த எலுமிச்சம்பழத்துக்கு தனிக்காசாம். சுருக்கா உள்ள உடறேன் ஆளுக்கு இவ்ளோ குடுங்கன்னு ஒருத்தன் பின்னாடியே வர்றான். ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு போட்டுட்டு செருப்புக்காலோட பாறைமேல ஏறி செல்ஃபி எடுக்கறாங்க. 5,326 அடி ஒசரத்துல காத்தும் மேகமுமா சேர்வராயன் குடியிருக்கற எடம் இது, மலைக்கார சனங்க காலங்காலமா பயபக்தியா கும்பிடற எடம், வேடிக்க பாக்க வர்றவங்க கொஞ்சம் நெனச்சுப் பாக்கக்கூடாதா. எனக்கு அழுகையே வந்துருச்சு, அம்மா இருந்திருந்தா சண்டையே போட்டிருப்பாங்க.

வரிசையில நிக்கறதுக்கு முன்னாடி அப்பா ஒரு பாறையில ஒக்காந்துட்டு அந்த முடிச்சக் கேட்டாரு. முடிச்சோடயே போட்டுரலாம்ப்பா, அப்படித்தான் போடுவாங்கன்னேன். "துணிய மட்டும் நான் வச்சுக்கறேன் பாப்பா, அவ கையால போட்ட முடிச்சு"ன்னாரு. அம்மா போட்ட முடிச்சு, அஞ்சாறு வருசம் இறுகிப் போயி கல்லு மாதிரி இருந்துச்சு, மஞ்சள் காஞ்சு மொறமொறன்னு ஆயிருச்சு. நான் பின்ன வச்சு நெம்பலாம்னு எடுத்தேன், வேணாம்னு தலையாட்டுனாரு. பாவுல இழ அந்துச்சுன்னா ஒத்த நகத்தால எடுத்துப் பிணைக்கற கை அது. முடிச்ச உள்ளங்கையில வச்சு மெதுவா உருட்டுனாரு, ஒரு முனைய உள்ள தள்ளுனாரு, மறுபடி உருட்டுனாரு. துணி கொஞ்சங்கூட கிழியல. பையன் பக்கத்துல குத்தவச்சு அதயே பாத்துட்டிருந்தான், பாய்கூட பீடிய கீழ போட்டுட்டு வந்து நின்னாரு.

பிரிச்சா உள்ள நாலா மடிச்ச நூறு ரூபா நோட்டு, ஒரு ரூபா காசு, அதோட ஒரு கறுப்புப் பட்டன். ஓட்டையில கறுப்பு நூலு அப்படியே தொங்கிட்டு இருந்துச்சு. எனக்கு மொதல்ல புரியல. அப்பா தன் சட்டைய குனிஞ்சு பாத்தாரு. ஆபரேசனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறப்ப அவரு சட்டைய ஒரு கவர்ல போட்டு அம்மா கையில குடுத்தாங்க. அதுக்கப்புறம் அந்த கறுப்புச் சட்டையில மேல் பட்டன் மட்டும் வேறயா இருக்கும், அம்மா தச்சது, எங்க விழுந்துச்சுன்னு கேட்டா தெரியலங்கன்னு சொல்லியிருக்காங்க. சாமிக்கு இவருதான்னு அடையாளம் காட்ட அவரு சட்டையிலயே புடுங்கி முடிஞ்சிருக்காங்க. அப்பா அந்தப் பட்டன விரல்ல வச்சுக்கிட்டு ஒண்ணுமே பேசல, காத்துல துண்டு பறந்துட்டு இருந்துச்சு, அதக்கூட புடிக்கல.

குகைக்குள்ள போறப்ப எல்லாரும் குனிஞ்சுதான் போகணும், இருட்டு, தரையெல்லாம் ஜில்லுன்னு ஈரம், எண்ண வாசன. முன்னாடி பின்னாடி ஒரே தள்ளு. சேர்வராயனும் காவேரியம்மாவும் வெளக்கு வெளிச்சத்துல தெரிஞ்சப்ப எனக்கு வேண்டிக்க ஒண்ணுமே வரல, கொண்டாந்துட்டேம்மா கொண்டாந்துட்டேம்மான்னு அதுதான் திரும்பத் திரும்ப வந்துச்சு. பூசாரி நகருங்க நகருங்கன்னாரு. அப்பா நகரல. நோட்டு, காசு, பட்டன் மூணையும் உண்டியல்ல போட்டாரு. பட்டன வச்சுக்கோங்கப்பான்னு நான் மெல்ல சொன்னேன், "அவ குடுத்தத நான் எப்பிடி திருப்பி எடுக்கறது"ன்னாரு. கையெடுத்துக் கும்பிடல. திருநீறு பூசல, பூசாரி குடுத்தத வாங்கி என் நெத்தியில வச்சுவுட்டாரு. அம்மா மாதிரியே கட்டவிரலால. அந்த எடத்துல எனக்கு அழுகை தாங்கல, பின்னாடி நின்ன யாரோ ஒரு பாட்டி என் முதுகத் தடவிக் குடுத்துச்சு, அந்தத் தாய் யாருன்னே தெரியாது, நல்லா இருக்கணும்.

வெளிய வந்து பொரி தின்னுட்டு இருக்கறப்ப கேட்டேன், ஆபரேசனுக்கு முன்னாடி ராத்திரி எல்லாரும் ஒவ்வொரு சாமியக் கூப்பிட்டோமே, நீங்க என்னப்பா பண்ணீங்கன்னு. "தறி நெய்ஞ்சேன்"னாரு. கண்ண மூடிட்டு மனசுக்குள்ளயே நாடா வுட்டாராம், பாதியில உட்டுட்டு வந்த பாவு, ஒரு ஊட நூலுகூட தப்பாம எண்ணி எண்ணி நெய்ஞ்சாராம், எழுந்து போயி இத அறுத்துக் குடுக்கணும், கூலி வாங்கி உங்கம்மா கையில குடுக்கணும்னு. நான் ராத்திரி முழுக்க மாரியம்மன் பேர எண்ணிட்டு இருந்தேன்ப்பான்னேன். தெரியும்னாரு.

எங்கம்மா போன அன்னைக்கு, நாங்க எல்லாம் அழுதுட்டு கெடக்க, ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்னு போன் பண்ணி கண்தானத்துக்கு ஆள வரச்சொன்னது அப்பாதான். அன்னைக்கு எனக்கு அவருமேல அவ்ளோ கோவம். என் பையனுக்குப் பார்வை சரியாகணும்னு செவ்வாப்பேட்டையில வெள்ளிக் கண்மலர் வாங்கி மாரியம்மனுக்குச் சாத்துனவங்க அம்மா, அவங்க கண்ணயா எடுக்கறதுன்னு. அப்புறம்தான் தெரிஞ்சது அம்மாவே எப்பவோ கையெழுத்துப் போட்டு வச்சிருக்காங்க, "அம்மனுக்கு வெள்ளியில குடுத்தேன், மனுசங்களுக்கு நெசத்துல குடுக்கறேன்"னு அப்பாகிட்ட சொல்லியிருக்காங்க. அந்த மலையில நின்னுட்டு சேலம் பக்கம் பாத்தப்ப, அந்தக் கண்ணு இன்னைக்கு எங்கயோ எதயோ பாத்துட்டு இருக்குன்னு நெனச்சேன், சேர்வராயா, உனக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னே எனக்குத் தெரியல, எங்கப்பாவக் குடுத்த, அம்மா வாக்கக் காப்பாத்துன, பாய்க்கும் அந்த நர்ஸ் பொண்ணுக்கும் டாக்டருங்களுக்கும் ஒரு கொறையும் வெக்காத.

எறங்கறப்ப இருட்டிருச்சு, கீழ சேலம் முழுக்க லைட்டு. பையன் அப்பா மடியில தூங்கிட்டான். அப்பா அந்த மஞ்சத்துணிய மடிச்சு சட்டப் பாக்கெட்டுல வச்சிருந்தாரு. கடைசி வளைவு தாண்டி அடிவாரம் வந்தப்ப சொன்னாரு, "அடுத்த வருசம் மே மாசம் வேணாம் பாப்பா, ஒரே கூட்டம். தை மாசம் வரலாம்."