வாக்குப்பதிவுக்கு முன்பே முடிவாகிவிடும் தேர்தல்

பன்னாட்டு ஆய்வுச் சங்கம் ஒன்றின் உள்ளே இயங்கும் தொடர்பியல் அறவியல் குழு பெரிய அமைப்பு அல்ல. நூறு, நூற்றைம்பது பேர் இருப்பார்கள். இருபது முப்பது நாடுகளில் பரந்திருப்பார்கள். ஆண்டுக்கொருமுறை மாநாட்டில் முகம் பார்த்துக்கொண்டால் உண்டு. தேர்ந்தெடுக்க வேண்டியது தலைவர் ஒருவர், துணைத் தலைவர் இருவர், அவ்வளவே. சம்பளமும் கிடையாது. இதற்கு எதற்கு இத்தனை ஏற்பாடு என்று புதிதாகத் தேர்தல் பொறுப்பேற்பவர்கள் கேட்பது வழக்கம். ஆனால் யாருக்குப் பேச இடம் கிடைக்கிறது, யார் குரல் எட்டாமலே போகிறது என்பதுதான் இந்தக் குழு ஆராயும் பொருள். அந்தக் கேள்வியைத் தன் தேர்தலிலேயே கேட்காத குழு அதைப் பற்றிக் கட்டுரை வாசிப்பதில் என்ன பயன்?

இந்த வேலையைத் தொடர்ந்து செய்பவர்களுக்கு ஒன்று தெரியும். வாக்குப் பதிவாகும் இரண்டு வாரங்களில் பெரிதாக எதுவும் கெட்டுப்போவதில்லை. கெடுவதெல்லாம் அதற்கு முந்தைய மூன்று மாதங்களில்தான். உறுப்பினர் பட்டியல் எந்த நாளில் எடுக்கப்பட்டது, வேட்புமனு அழைப்பு எப்படி எழுதப்பட்டது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பவற்றிலேயே முடிவின் பாதி அடங்கிவிடுகிறது.

முதலில் விதி. தாய்ச் சங்கத்தின் துணைவிதிகள் என்ன சொல்கின்றன என்பதைப் பார்க்காமல் ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பக் கூடாது. சங்கத்துக்குச் சங்கம் முறை மாறும். 1950-ல் தொடங்கிய பன்னாட்டுத் தொடர்பியல் சங்கத்தின் பிரிவுகளில் துணைத் தலைவரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அவரே தம் முறை வரும்போது தலைவராவார். வேறு சில அமைப்புகளில் ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாக வாக்கு. முதல் முறையில் வேலை பழகியவர் கையில் குழு போய்ச் சேரும். ஆனால் தவறான ஒருவர் வந்துவிட்டால் பல ஆண்டுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் புது ரத்தம் வரும். அதற்கு விலையாக அனுபவம் அறுந்துபோகும். எதுவானாலும் பதவிக்காலம், எத்தனை முறை போட்டியிடலாம், இடையில் ஒருவர் விலகினால் யார் பார்ப்பார் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்தலுக்கு முன்பே எழுதி, குழுவின் ஒப்புதலைப் பெற்றுவிடுவது நல்லது.

அடுத்து கால அட்டவணை. மாநாட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பதினாறு வாரம் முன்னால் தேர்தல் அலுவலர்கள் இருவர் நியமனம். அவர்கள் போட்டியிடக் கூடாது, யாரையும் முன்மொழியவும் கூடாது. பதினான்காவது வாரத்தில் வாக்காளர் பட்டியல் வெளியாகி, திருத்தத்துக்கு பத்து நாள். பிறகு வேட்புமனுவுக்கு இருபத்தொரு நாள், வேட்பாளர் அறிக்கைகளைப் படிக்கவும் கேள்வி கேட்கவும் பத்து நாள், வாக்குப்பதிவுக்கு பதினான்கு நாள், ஆட்சேபத்துக்கு ஏழு நாள். கூட்டிப் பார்த்தால் ஒன்பது வாரம் வருகிறது. மிச்சமுள்ள ஐந்து வாரத்தை வீண் என்று எண்ணிச் சுருக்கிவிடாதீர்கள். பல்கலைக்கழகங்களின் விடுமுறையும் தேர்வுக்காலமும் வட, தென் அரைக்கோளங்களில் வேறுவேறு மாதங்களில் வரும். யாராவது ஒரு பகுதியினருக்கு அந்த இடைவெளி தேவைப்படும்.

பட்டியல்தான் நெருப்பு. மாநாட்டுக்குப் பதிவு செய்யும்போதே உறுப்பினர் சந்தாவையும் சேர்த்துக் கட்டும் பழக்கம் பல சங்கங்களில் உண்டு. அப்படியானால் மாநாட்டுக்கு நான்கு மாதம் முன்னால் எடுக்கும் பட்டியலில், நிறுவனத்திலிருந்து பயணப் பணம் வந்தபின் கடைசி நேரத்தில் சந்தா கட்டுபவர்கள் இருக்கமாட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் வசதி குறைந்த நாடுகளின் ஆய்வாளர்கள், முனைவர் பட்ட மாணவர்கள். யாரும் வேண்டுமென்றே விலக்கவில்லை, தேதி விலக்கிவிட்டது. ஆகவே தகுதித் தேதியைச் சந்தா முடியும் தேதியோடு பொருத்திப் பார்த்தே வைக்க வேண்டும். சென்ற ஆண்டு உறுப்பினராக இருந்து இன்னும் புதுப்பிக்காதவர்களுக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் போகட்டும்: ‘இந்தத் தேதிக்குள் புதுப்பித்தால் வாக்குரிமை உண்டு.’ இந்த ஒரு வரியால் பட்டியல் கணிசமாக மாறும். இன்னொரு கவனம்: ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி காரணமாக, பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கொண்ட முழுப் பட்டியலை எல்லோருக்கும் சுற்றுக்கு விட முடியாது. அவரவர் பெயர் இருக்கிறதா என்று அவரவர் மட்டும் சரிபார்க்கும் வழி வேண்டும்.

வேட்புமனு அழைப்பில் மிகப் பெரிய பிழை, பதவியின் கௌரவத்தைச் சொல்லி வேலையைச் சொல்லாமல் விடுவது. வேலை இவ்வளவு: மாநாட்டுக்கு 120 ஆய்வுச் சுருக்கங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் மூவர் படிக்க வேண்டுமானால் 360 மதிப்பீடுகள். ஒருவருக்கு ஆறுக்கு மேல் கொடுத்தால் தரம் கெடும். ஆக அறுபது மதிப்பீட்டாளர்கள் தேவை. சொன்ன தேதிக்குள் சிலர் தரமாட்டார்கள் என்பது உறுதி என்பதால் எழுபத்தைந்து பேரையாவது கேட்டிருக்க வேண்டும். பிறகு அமர்வுகளைப் பிரிப்பது, தலைமை தாங்க ஆள் பிடிப்பது, நிராகரிப்புக் கடிதங்களுக்கு வரும் கோபமான பதில்களை வாசிப்பது, ஆண்டறிக்கை எழுதுவது. இதையெல்லாம் மணிக்கணக்கோடு அழைப்பிலேயே சொல்லிவிட்டால் மனுக்கள் குறையும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. குறையட்டும். வேலை தெரியாமல் வந்தவர் ஆறாம் மாதம் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதை நிறுத்திவிடுவார்.

அழைப்பின் மொழியிலும் கவனம் வேண்டும். ‘பரந்த பன்னாட்டு அனுபவமும் வலுவான வெளியீட்டுப் பட்டியலும் உடையவர்கள்’ என்று எழுதினால், மனசில் முதலில் வந்து நிற்கும் முகம் எந்தக் கண்டத்தைச் சேர்ந்தது? அதே அழைப்பில் ‘குழுவின் இரண்டு மாநாடுகளிலாவது கட்டுரை படித்தவர், மதிப்பீட்டுப் பணி செய்தவர்’ என்று எழுதிப் பாருங்கள். நைரோபியில் பாடம் நடத்தும் இளம் விரிவுரையாளர் தம்மை அந்த வரியில் அடையாளம் காண்பார். உலகச் செய்தி ஓட்டம் ஒருதலையாக இருக்கிறது என்று யுனெஸ்கோவின் மெக்பிரைட் ஆணையம் அறிக்கை கொடுத்தது 1980-ல். அந்தச் சமமின்மையைத் தலைமுறைகளாகப் பேசிவரும் துறை, தன் அழைப்பை ஒரே மொழியில் அனுப்பி முடித்துக்கொள்வது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1957-ல் தொடங்கிய பன்னாட்டு ஊடக, தொடர்பியல் ஆய்வுச் சங்கத்துக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மூன்றும் அலுவல் மொழிகள். சிறு குழுவுக்கு அவ்வளவு வசதி இல்லையென்றாலும், வேட்பாளர் அறிக்கையைத் தம் மொழியில் எழுதி மொழிபெயர்ப்போடு தரலாம் என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவில்லை. அறிக்கை எல்லோருக்கும் ஒரே அளவில், முந்நூறு சொல்லுக்குள் இருக்கட்டும். கூடவே ஒரே கேள்வித்தாள்: இந்தக் காலத்தில் வேறு என்னென்ன பொறுப்புகள் வகிக்கிறீர்கள், இரு ஆண்டும் மாநாட்டுக்கு வர வழியிருக்கிறதா, எதற்கெல்லாம் நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும்?

பதவியில் இருப்பவரே மறுபடி போட்டியிட்டால் குழுவின் அஞ்சல் பட்டியல் அவர் கையை விட்டு உடனே போக வேண்டும். அவர் தப்பாகப் பயன்படுத்துவார் என்பதால் அல்ல. ‘நன்றி, வணக்கம்’ என்று அவர் அனுப்பும் சாதாரண அறிவிப்புகூடப் பிரச்சாரமாகத் தோன்றும் என்பதால்.

இனி வாக்கு எண்ணும் முறை. மூன்று பேர் நின்று, அதிக வாக்கு பெற்றவர் வென்றார் என்று அறிவிப்பதுதான் எளிது. 84 செல்லும் வாக்குகளில் முதலாமவருக்கு 34, இரண்டாமவருக்கு 27, மூன்றாமவருக்கு 23 என்று வந்தால்? முதலாமவர் வென்றுவிடுவார், ஐம்பது பேர் அவருக்கு வாக்களிக்கவில்லை. வாக்குச்சீட்டில் 1, 2, 3 என விருப்ப வரிசை கேட்டிருந்தால், கடைசியில் நிற்பவரின் 23 சீட்டுகளை எடுத்து அடுத்த விருப்பத்துக்குச் சேர்க்கலாம். அவற்றில் 17 இரண்டாமவருக்கும் 4 முதலாமவருக்கும் போய், இரண்டில் அடுத்த விருப்பம் குறிக்கப்படவில்லை என்றால், 44-க்கு 38 என்று இரண்டாமவர் தலைவராவார். பாதிக்கு மேல் வேண்டிய 43-ஐ அவர் தாண்டிவிட்டார். தலைவர் பதவிக்கு இந்த முறையே பொருத்தம்.

இரண்டு துணைத் தலைவர்களுக்கு வேறு கணக்கு. ஆளுக்கு இரண்டு வாக்கு கொடுத்தால், 84 பேரில் ஒரே பிராந்தியத்தைச் சேர்ந்த 45 பேர் சேர்ந்துகொண்டு இரண்டு இடங்களையும் எடுத்துவிடலாம். மற்ற 39 பேருக்கு எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரே வாக்கை விருப்ப வரிசையோடு கொடுக்கும் மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில் ஒதுக்கீட்டு எண், அதாவது ஓர் இடத்தை வெல்லப் போதுமான வாக்கு, வாக்குகளை இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, வரும் முழு எண்ணோடு ஒன்றைச் சேர்த்தால் கிடைக்கும்: 84-ஐ மூன்றால் வகுத்தால் 28, அதோடு ஒன்று, 29. அந்த 39 பேர் ஒன்றாக நின்றால் ஓர் இடம் உறுதி. தலைவரும் துணைத் தலைவர்களும் ஒரே கண்டத்தவராக இருக்கக் கூடாது என்ற விதி வைப்பதென்றால் அதை வேட்புமனுவுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். எண்ணி முடித்தபின் ‘பன்முகத்தன்மை’ என்று சொல்லி ஒருவரை இறக்கினால், அந்த நியாயமான சொல்லே கெட்டுப்போகும்.

கூட்டத்தில் கைதூக்கி வாக்கெடுப்பது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. மாநாட்டின் கடைசி நாள் மாலை, விமானத்துக்குக் கிளம்பியவர்கள் போக, அறையில் முப்பது பேர். முன்வரிசையில் ஒரு பேராசிரியர் வேட்பாளராக நிற்கிறார். மூன்றாம் வரிசையில் அவரிடம் ஆய்வு செய்யும் மாணவர். அடுத்த மாதம் அந்த மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கை தூக்கச் சொன்னதும் அவர் முதலில் பார்ப்பது வேட்பாளரின் முகத்தைத்தான். விசா மறுக்கப்பட்டு ஊரிலேயே இருந்துவிட்டவர்களுக்கோ இந்த அறைக்குள் இடமே இல்லை. இரகசிய இணைய வாக்கு இல்லாத தேர்தலை இந்தக் குழுக்கள் நடத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இணைய வாக்கில் வேறு சிக்கல்கள். இலவசக் கூகுள் படிவத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சேகரித்தால் இரகசியம் போகும். சேகரிக்காவிட்டால் ஒருவரே பலமுறை வாக்களிக்கலாம். ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். சீனாவில் இருக்கும் உறுப்பினருக்கு அது திறக்காது. ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீடு அனுப்பி, குறியீட்டையும் வாக்கையும் பிரித்து வைக்கும் தேர்தல் மென்பொருளே சரி. அதிலும் முடிவைத் திறக்கும் மின்னணுச் சாவியை யார் வைத்திருப்பது என்பதைக் கவனிக்க வேண்டும். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறையீட்டியலையே தொழிலாகக் கொண்ட பன்னாட்டுச் சங்கம் 2025-ல் நடத்திய தேர்தலில், முடிவைத் திறக்க மூன்று அறங்காவலர்களின் சாவிகளும் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஒருவரின் சாவி தொலைந்தது. பதிவான வாக்குகளைத் திறக்க வழியில்லாமல் தேர்தலையே மறுபடி நடத்த வேண்டியதாயிற்று. மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் திறக்கலாம் என்று மறுதேர்தலில் மாற்றிக்கொண்டார்கள். உங்கள் குழுவிலும் அதையே செய்யுங்கள்.

இணைப்போடு வரும் மொத்த மின்னஞ்சல்களைப் பல்கலைக்கழக வடிகட்டிகள் ஸ்பேமில் தள்ளும். வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே, அதே முகவரியிலிருந்து இணைப்பு எதுவும் இல்லாத ஒரு வரிக் கடிதத்தை அனுப்பி, கிடைக்காதவர்கள் தெரிவிக்க வேறொரு வழியையும் அறிவியுங்கள். திரும்பி வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். நினைவூட்டல் மூன்று போதும்: தொடக்க நாள், நடுநாள், முடிவதற்கு 24 மணி நேரம் முன்பு. வேட்பாளர் பெயர்களை அகரவரிசையில் வைத்தால் முதல் பெயருக்குச் சிறு சாதகம் உண்டு. திரையில் ஒவ்வொருவருக்கும் வரிசை மாறித் தெரியும்படி அமைத்துவிடலாம். ‘இவர்களில் யாரும் வேண்டாம், மனுவை மறுபடி கோருங்கள்’ என்ற வரியும் சீட்டில் இருக்க வேண்டும். ஒரே ஒருவர் மட்டும் நின்றால் அந்த வரி இன்னும் அவசியம்.

முடிவு நேரத்தை ‘ஜூன் 15 நள்ளிரவு’ என்று எழுதினால் சண்டை நிச்சயம். கல்வியுலகில் புழங்கும் வழி, உலகின் கடைசி நேர வலயத்தில் ஜூன் 15 இரவு 11:59 ஆகும் வரை ஏற்பது. அப்போது கிரீன்விச் நேரப்படி ஜூன் 16 காலை 11:59, நைரோபியில் பிற்பகல் 2:59, டோக்கியோவில் இரவு 8:59, ஆக்லாந்தில் இரவு 11:59. இந்த நான்கையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

முடிவு வந்ததும் வேட்பாளர்களுக்கு முதலில் தனித்தனியாகத் தெரிவித்து, மறுநாள் எல்லோருக்கும் அறிவிப்பது மரியாதை. ஒவ்வொரு சுற்றின் எண்ணிக்கையும் வெளியாகட்டும். ஆனால் பிராந்தியவாரியாகப் பிரித்து வெளியிட வேண்டாம்: ஒரு பகுதியில் வாக்களித்தவர் மூன்றே பேர், மூன்றும் ஒருவருக்கே என்றால் அந்த மூவரின் இரகசியமும் அம்பலம். சமநிலை வந்தால் குலுக்கல், இரு சாட்சிகள் முன்னால், முன்பே அறிவித்தபடி.

பிறகு முப்பது நாளுக்குள் ஒப்படைப்பு. கடவுச்சொற்கள், மதிப்பீட்டாளர் பட்டியல், தாமதமாகத் தந்தவர்கள் யார் என்ற குறிப்பு, நிலுவையில் உள்ள புகார்கள், அடுத்த மாநாட்டுக்குக் கொடுத்த வாக்குறுதிகள். ஆட்சேபக் காலம் கழிந்து ஏழாம் நாளும் எதுவும் வராவிட்டால், தேர்தல் அலுவலர்கள் இருவரும் சேர்ந்தே குறியீட்டுப் பட்டியலை அழித்து, அழித்த தேதியையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைக்க வேண்டும்.